யெஸ்டி 250: ஸ்லீவ் போட்ட பிறகு இன்டேக் போர்ட்டில் படி நிற்கிறது. எந்த விளிம்பை அரம் போடலாம்?

கோத்தகிரி யெஸ்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் டூ-ஸ்ட்ரோக் பைக்கான யெஸ்டி 250 குறித்து உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. சிலிண்டர் கடைசி ஓவர்சைஸையும் கடந்து தேய்ந்துவிட்டதால், கோவையில் ஒரு பட்டறையில் புதிய ஸ்லீவ் (சிலிண்டரின் உள்சுவராக நிற்கும் குழாய்) இறக்கி, மறுபடியும் 65 மி.மீ. ஸ்டாண்டர்டு அளவுக்குப் போர் போட்டு வாங்கினோம். பழைய கார்புரேட்டரின் ஸ்லைடு ஆட்டம் கண்டிருந்ததால், அதற்குப் பதிலாக மிக்குனி வகை 26 மி.மீ. கார்புரேட்டரை, லேத்தில் கடைந்த அலுமினிய மேனிஃபோல்டு (கார்புரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் குழாய்) வழியாகப் பொருத்தியிருக்கிறோம்.

ரன்னிங்-இன் முடிந்த பிறகும் வண்டிக்குப் பழைய இழுவை வரவில்லை. குஞ்சப்பனை தாண்டி அரவேணு வரும் ஏற்றத்தில், பாதி த்ராட்டிலில் இன்ஜின் ஒரு வெடிப்பு விட்டு ஒரு வெடிப்பாக, ஃபோர் ஸ்ட்ரோக் போலத் தடுமாறுகிறது. முழு த்ராட்டில் கொடுத்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது. குறைந்த வேகத்தில் கார்புரேட்டரின் பின்வாய் வழியாகப் பெட்ரோல் மூடுபனி போலத் திரும்பி வந்து, ஏர் ஃபில்டரை நனைத்துவிடுகிறது. இழுவைக் குறையும் தடுமாற்றமும் மேட்டுப்பாளையத்துச் சமவெளியிலும் இருக்கின்றன. மலையில் கூடுதலாகத் தெரிகின்றன.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு இடங்களில் படி இருப்பது தெரிந்தது. மேனிஃபோல்டின் சிலிண்டர் பக்க உள்விட்டம் 28 மி.மீ.; சிலிண்டரின் இன்டேக் வாய், அதாவது கலவை நுழையும் வாய், 26 மி.மீ.தான். ஆகவே சுற்றிலும் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு விளிம்பு காற்றை மறித்து நிற்கிறது. உள்ளே, ஸ்லீவில் வெட்டிய சாளரத்தின் கீழ்விளிம்பு, பழைய இரும்புப் பாதையின் தரையைவிட 1.5 மி.மீ. உயரமாக இருக்கிறது, இடது பக்கத்திலும் ஸ்லீவ் சற்றே பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் அரம் போட்டுச் சமமாக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர், மைசூர் தொழிற்சாலையில் இருந்து வந்த வண்டிகளிலேயே இப்படிப்பட்ட படிகள் உண்டு, தொடவே வேண்டாம் என்கிறார். இந்தச் சிலிண்டர் கெட்டால் மாற்று கிடைப்பது அரிது என்பதால், அரத்தைக் கையில் எடுக்கும் முன் கேட்கிறேன்.

கேத்தி பள்ளத்தாக்கு எழுதியது:

வணக்கம். போர்ட்டைத் தொடும் முன், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பார்த்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; மேலே நிலவும் குளிர் அதில் சிறு பகுதியைத்தான் ஈடுசெய்கிறது. காற்று எந்த அளவுக்கு இலேசாகிறதோ அந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அந்த விகிதத்தின் வர்க்கமூல அளவுக்கே குறைக்கிறது. அதனால் கீழே சரியாக இருந்த கலவை மேலே வந்ததும் 8 முதல் 10 சதவீதம் வரை கெட்டியாகிவிடும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும். மெயின் ஜெட் 130 போட்டிருந்தால், மலையில் மட்டும் ஓட்டும் காலத்துக்கு 120 போட்டுப் பாருங்கள். பாதி த்ராட்டிலில் வரும் தடுமாற்றத்துக்கு நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி, நீடிலைத் தாழ்த்த வேண்டும்.

இருந்தாலும் உங்கள் வண்டி சமவெளியிலும் இழுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்தால் மட்டும் வரும் குறை கீழே இறங்கியதும் மறைந்திருக்க வேண்டும். எனவே படிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றே எண்ணுகிறேன். லேத் வேலை தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லட்டும்.

பழைய லேத் எழுதியது:

மேட்டுப்பாளையத்தில் லேத் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த வகைச் சிலிண்டர்கள் எங்கள் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தேய்மானத்தால் கெட்டவை அல்ல. எந்த விளிம்பு எதற்காக இருக்கிறது என்று பாராமல் அரம் போட்டதால் கெட்டவை. ஆகவே உங்கள் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய ஜாவா, யெஸ்டி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வால்வு கிடையாது; பிஸ்டனே வால்வு. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டின் அடிவிளிம்பு, இன்டேக் சாளரத்தின் கீழ்விளிம்பைக் கடக்கும் கணத்தில் பாதை திறக்கிறது. இறங்கும்போது அதே இடத்தைக் கடக்கையில் மூடுகிறது. அதாவது, இன்டேக் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதைச் சாளரத்தின் நான்கு விளிம்புகளில் கீழ்விளிம்பு ஒன்றுதான் தீர்மானிக்கிறது. மேல்விளிம்பும் பக்க விளிம்புகளும் பரப்பளவைத் தீர்மானிக்கின்றன, நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. உங்கள் மெக்கானிக் "எல்லாவற்றையும் சமமாக்கலாம்" என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். பக்கத்தில் ஒரு மி.மீ. எடுத்தால் பாதை சற்று அகலமாகும். கீழே ஒரு மி.மீ. எடுத்தால் இன்ஜினின் குணமே மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். உங்கள் இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 75 மி.மீ. இன்டேக் திறக்கும் நிலையில், கிராங்க் ஒரு டிகிரி சுழலும்போது பிஸ்டன் ஏறத்தாழ 0.67 மி.மீ. நகர்கிறது. உங்கள் ஸ்லீவில் கீழ்விளிம்பு 1.5 மி.மீ. உயர்ந்து நிற்பதால், இன்டேக் 2 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தாமதித்துத் திறந்து, அதே அளவு முன்னதாக மூடுகிறது. மொத்தத்தில் திறப்புக் காலம் ஏறக்குறைய நாலரை டிகிரி குறைந்திருக்கிறது. இது மேல் வேகத்தில் சிறிது பலத்தைக் குறைக்கும். ஆனால் தாழ்ந்த வேகத்தில், அதாவது மூன்றாம் கியரில் கொண்டை ஊசி வளைவைத் திருப்பிக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டிய வேகத்தில், நன்மையே செய்யும். மலையில் ஓட்டும் வண்டிக்கு அந்த நாலரை டிகிரியைத் திருப்பிக் கொடுக்க நான் அவசரப்பட மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம், இன்டேக் தாமதமாக மூடுவது. பிஸ்டன் இறங்கத் தொடங்கி, அதன் அடியில் உள்ள கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும்போதும் சாளரம் திறந்தே இருப்பதால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறுகிறது. உங்கள் சிலிண்டரிலோ சாளரம் முன்னதாகவே மூடுகிறது. ஆகவே இந்தக் குறைக்குக் காரணம் உள்ளே இருக்கும் படியாக இருக்க முடியாது என்பது என் கருத்து. நான் சந்தேகிப்பது வெளியே, மேனிஃபோல்டு சேரும் இடத்தில் உள்ள படியை.

படி என்றால் எல்லாப் படியும் ஒன்றல்ல. காற்று போகும் திசையில் சிறிய குழாயிலிருந்து பெரிய குழாய்க்குள் நுழைந்தால், அங்கே கொஞ்சம் சுழல் உண்டாகும்; இழப்பு குறைவு. திரும்பி வரும் காற்றை அந்த விளிம்பு தடுக்கும் என்பதால் அரை மி.மீ. அளவுக்கு அப்படி இருப்பதில் தீங்கில்லை. பெரிய குழாயிலிருந்து சிறிய குழாய்க்குள் நுழையும்போது விளிம்பு நேராக எதிரே நிற்கிறது. உங்களுடையது அந்த வகை. 28 மி.மீ. வட்டத்தின் பரப்பு 616 சதுர மி.மீ.; 26 மி.மீ. வட்டத்தின் பரப்பு 531. பாதையின் பரப்பில் ஏறத்தாழ 14 சதவீதத்தை ஒரே இடத்தில், செங்குத்தான சுவராக நின்று அந்த விளிம்பு அடைக்கிறது.

இதில் காற்றைவிடப் பெட்ரோல்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. கார்புரேட்டரை விட்டு வரும் பெட்ரோல் முழுவதும் ஆவியாக வருவதில்லை. துளிகளாகவும், சுவரில் ஒட்டிய படலமாகவும் ஒரு பகுதி வருகிறது. அந்தப் படலம் விளிம்பில் மோதி, மேனிஃபோல்டின் அடியில் தேங்குகிறது. சமவெளியில் ஓரளவுக்கு அது இழுத்துச் செல்லப்படும். ஏற்றத்திலோ வண்டியின் முன்புறம் உயர்வதால், தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டர் பக்கமாகவே பின்வாங்குகிறது. பிறகு த்ராட்டிலைத் திறக்கும்போது விட்டுவிட்டு, மொத்தமாக உள்ளே இழுக்கப்படுகிறது. நீங்கள் சொல்லும் தடுமாற்றமும் ஈர ஃபில்டரும் இதனோடு ஒத்துப்போகின்றன. சமவெளியில் குறைவாகவும் மலையில் கூடுதலாகவும் தெரிவதற்கும் உயரத்தோடு இதுவும் சேர்ந்த காரணம்.

இனிச் செய்ய வேண்டியது. சிலிண்டரின் வாயை 28 ஆகப் பெருக்காதீர்கள். அந்த இரும்பு மறுபடி கிடைக்காது. மேனிஃபோல்டு ஒரு துண்டு அலுமினியம், எத்தனை முறை வேண்டுமானாலும் கடைந்துகொள்ளலாம். கார்புரேட்டரின் வாயும் 26, சிலிண்டரின் வாயும் 26 என்றால், நடுவில் 28 எதற்கு? இரு முனையும் 26 ஆக, நேரான துளையுடன் புதிய மேனிஃபோல்டு கடையச் சொல்லுங்கள். சிலிண்டரின் வாய் முழு வட்டமாக இருக்கிறதா என்று வெர்னியரை இரு திசைகளில் வைத்து அளந்துவிட்டுக் கடையக் கொடுப்பது நல்லது. வார்ப்பில் வந்த வாய்கள் பெரும்பாலும் சற்று நீள்வட்டமாகவே இருக்கும்.

அளவு சரியாக இருந்தாலும் இடம் மாறினால் படி மறுபடி தோன்றிவிடும். ஃபிளாஞ்சின் ஸ்டட் துளைகள் பெரிதாக இருந்தால், இறுக்கும்போது மேனிஃபோல்டு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஆகவே சிலிண்டரின் முகத்தில் மெல்லிய நீலம் தடவி, மேனிஃபோல்டை ஸ்டட்டில் ஏற்றி அழுத்தி எடுத்து, இரண்டு வாய்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். விழவில்லை என்றால் இரண்டு சிறிய டவல் பின்கள் (இடம் பிடிக்கும் முளைகள்) போட்டு இடத்தைக் கட்டிவிடலாம். இரண்டுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங்கின் துளை, பாதையைவிட அரை மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். மேனிஃபோல்டையும் சிலிண்டரையும் இவ்வளவு கவனமாகப் பொருத்திவிட்டு, கையால் வெட்டிய பேக்கிங் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். அதுவும் ஒரு படிதான். மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்பதையும் கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துச் சரிபாருங்கள்.

உள்ளே, ஸ்லீவின் கீழ்விளிம்புக்கு வருவோம். பிஸ்டன் பக்கத்து விளிம்பைத் தொடாதீர்கள். அதுதான் நேரத்தைப் பிடித்திருக்கும் விளிம்பு. ஸ்லீவின் சுவர் ஏறத்தாழ 3 மி.மீ. கனம் இருந்தால், அதன் வெளிப்பக்கத்து மூலையை மட்டும் சரிவாக எடுங்கள். பழைய பாதையின் தரையில் தொடங்கி, ஸ்லீவின் கனத்துக்குள்ளேயே ஏறி, உள்விளிம்பில் அதே உயரத்தில் முடிய வேண்டும். சுவராக நின்றது சரிவாக மாறிவிடும். திறப்புக் காலமும் மாறாது. இடது பக்கம் நீட்டியிருப்பதை முழுமையாக எடுத்துவிடலாம். மேல்விளிம்பில் வேலை இல்லை என்றே தெரிகிறது. எப்போதாவது அங்கே எடுக்க நேர்ந்தால், பிஸ்டன் அடியில் நிற்கும்போது ரிங்குகள் சாளரத்துக்குள் வராமல், பிஸ்டனின் தலை சாளரத்தை மேலிருந்து திறக்காமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் சாளரங்களும், கிராங்க்கேஸிலிருந்து கலவையை மேலே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபர் சாளரங்களும் பழைய பாதைகளோடு சரியாகச் சேருகின்றனவா? அவையும் 1.5 மி.மீ. உயர்ந்திருந்தால், ஸ்லீவ் முழுவதுமாக இறங்கி உட்காரவில்லை என்று பொருள். அப்படியானால் எக்ஸாஸ்ட் முன்னதாகத் திறந்து, தாழ்ந்த வேகத்து இழுவை போய்விடும். அரத்தால் தீரும் குறை அல்ல அது. இன்டேக் மட்டும் உயர்ந்திருந்தால், சாளரம் வெட்டியவர் அதை மட்டும் மேலே குறித்துவிட்டார் என்று கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் இன்டேக் பாதையைப் பளபளப்பாக்க வேண்டாம். 80 அல்லது 120 எண் தாளின் சொரசொரப்பே போதும். அந்தப் பரப்பில் பெட்ரோல் படலம் எளிதாகப் பிரிந்து காற்றோடு சேரும். சாளர விளிம்புகளின் கூர்மையை மிக மெல்லியதாக முறித்துவிட்டு, சிலிண்டரை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பும் சுடுநீரும் கொண்டும் கழுவி, காய்ந்த உடனே எண்ணெய் பூசுங்கள். உங்கள் ஊர்ப் பனியில் வெறும் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

ஊட்டி ஆர்எக்ஸ் எழுதியது:

அண்ணா, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிக்காரர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த 98 சி.சி. இன்ஜினில் ரீட் வால்வு இருக்கிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் குறையும்போது இதழ்கள் திறந்து, கூடும்போது தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆகவே சாளரத்தின் கீழ்விளிம்புக்கு யெஸ்டியில் உள்ள அதிகாரம் அங்கே இல்லை. பொருந்தாமை வரும் இடமும் வேறு. ரப்பர் மேனிஃபோல்டு, ரீட் கூடு, சிலிண்டர் மூன்றும் சேரும் இடத்தில்தான் பேக்கிங் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சந்தையில் வாங்கிய ரப்பர் மேனிஃபோல்டின் உள்வாய் சிறுத்திருக்கும். யெஸ்டிக்குச் சொன்ன கணக்கை ஆர்எக்ஸுக்கோ, ஆர்எக்ஸில் செய்வதை யெஸ்டிக்கோ எடுத்துச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்எக்ஸில் பழகிய கை யெஸ்டியின் தரையைத் தயங்காமல் இறக்கிவிடும். அந்த வண்டி பிறகு ஊட்டி ஏற்றத்தில் ஏறவே ஏறாது.

கோத்தகிரி யெஸ்டி எழுதியது:

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். இரண்டு எக்ஸாஸ்ட் சாளரங்களும் டிரான்ஸ்ஃபர்களும் பழைய பாதைகளோடு நகம் தட்டாத அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஸ்லீவ் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. இன்டேக் சாளரம் மட்டும்தான் உயரம். சிலிண்டரின் வாய் எந்தத் திசையில் அளந்தாலும் 26 தான். புதிய மேனிஃபோல்டு கடையக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. சிலிண்டருக்கு அடியில் இப்போது போட்டிருக்கும் பேக்கிங் 1 மி.மீ. கனம், முன்பு இருந்த பழைய பேக்கிங்கின் ஒட்டிய துண்டை அளந்தால் 0.5 மி.மீ. வருகிறது. இதற்கும் இன்டேக்குக்கும் தொடர்பு உண்டா?

பழைய லேத் எழுதியது:

நேரடியான தொடர்பு உண்டு. பேக்கிங் கனமானால் சிலிண்டர் முழுவதும் உயர்கிறது. பிஸ்டன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அரை மி.மீ. உயர்ந்ததால் இன்டேக் திறப்புக் காலம் இன்னும் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி குறைந்திருக்கிறது. எக்ஸாஸ்ட்டும் டிரான்ஸ்ஃபரும் அதற்கு நேர்மாறாகக் கூடியிருக்கின்றன. எக்ஸாஸ்ட் கூடியது மட்டும் ஒன்றரை டிகிரி அளவுக்கு வரும். அதோடு தலைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அரை மி.மீ. கூடி, அமுக்கமும் குறைந்துவிட்டது. சாளரம் உயர்ந்தது மலை வண்டிக்கு நல்லதே என்று முன்பு சொன்னேன். இதை நல்லது என்று சொல்ல மாட்டேன். எக்ஸாஸ்ட் கூடியதாலும் அமுக்கம் குறைந்ததாலும் தாழ்ந்த வேகத்து இழுவையை இது குறைக்கிறது. 0.5 மி.மீ. பேக்கிங்குக்கே திரும்புங்கள். திரும்பிய பிறகு, பிளக் துளை வழியாக மெல்லிய சால்டர் கம்பியை விட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, நசுங்கிய முனையை அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

சேர்த்து முடித்ததும், வண்டியைக் கிளப்பும் முன் காற்றுக் கசிவுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். புதிய மேனிஃபோல்டில் சிறு கசிவு இருந்தாலும் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். எக்ஸாஸ்ட் வாய்கள் இரண்டையும் ரப்பர் அடைப்பால் மூடி, பிளக்கை மாட்டி, பிஸ்டனை மேல் உச்சத்தில் வையுங்கள். கார்புரேட்டர் மாட்டும் பக்கத்தில் மேனிஃபோல்டின் வாயில் ரப்பர் அடைப்பும் குழாயும் வைத்து, அதன் வழியாகக் காற்றை ஏற்றுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டருமே இதற்குப் போதும். மீட்டரில் 250 மி.மீ. (பாதரசம்) வரை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். நிமிடத்துக்கு 50 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நீர் தடவினால் இடம் தெரியும். மேனிஃபோல்டில் குமிழி வரவில்லை என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல்களைப் பாருங்கள்.

ஜெட்டைப் பற்றி கேத்தி நண்பர் சொன்ன அளவு சரியானது. ஆனால் இந்த வேலைகள் முடிந்த பிறகு, முதலில் கீழே 130-லேயே ஓட்டித் தொடங்குங்கள். தேங்கி நின்ற பெட்ரோல் இனி ஒழுங்காக உள்ளே போகும் என்பதால், பழைய ஜெட் கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. பிறகு குஞ்சப்பனைக்கு மேலே உள்ள நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கிளட்சைப் பிடித்தபடி இக்னிஷனை அணைத்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுத்திருந்தால் 120-க்கு இறங்கலாம். இளம்பழுப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது; ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும்.

120 போட்ட வண்டியோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதும் கவனம் தேவை. கீழே காற்று அடர்த்தியாவதால் அதே ஜெட் மெலிந்த கலவையைக் கொடுக்கும். இறக்கம் முழுவதும் த்ராட்டிலை மூடியே வைத்தால், பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் நின்றுவிடும். இறங்கும் வழியில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து த்ராட்டிலைச் சிறிது திறந்து விடுங்கள். மலை இறங்கிச் சமவெளிச் சாலையில் வேகமாக ஓட்டும் திட்டம் இருந்தால், 130 ஜெட்டையும் அதற்கான சாவியையும் பையில் வைத்துக்கொண்டு, கீழே வந்ததும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.